அம்மா விட்டு வந்த ஊர்

வணக்கம் அக்கா,

நகரத்தை விட்டுப் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ஷா ஆலாமில் வேலை. மகள் எழுவதற்கு முன்னால் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வருகிறார். எங்கள் இருவருக்குமே ஈப்போ பக்கம் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் வீடு பார்க்கலாமா என்று பேச்செடுத்தோம். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகுதான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். "அந்தக் காட்டுல நாங்க பட்டது போதாதா? உன்னைப் படிக்க வெச்சது திரும்ப அங்க போறதுக்கா?" என்கிறார். உங்கள் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். "மரம் வெட்டியிருந்தா இப்படி எழுதமாட்டாங்க" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லும் நிம்மதி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா?

க., பூச்சோங்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதில் கோபப்பட ஒன்றுமே இல்லை. அம்மா சொன்னது நியாயம். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்பதை நாம் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரம் வெட்டுகிறவருக்கு விடியற்காலை ரசிக்கிற நேரமாக இருந்ததில்லை. இருட்டிலேயே எழுந்து சமைத்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போய் ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறைந்துவிடும், அந்த அவசரம். வெட்டி முடித்ததும் முதல் மரத்திலிருந்து மறுபடி சுற்றிவந்து, மங்கு என்கிற கிண்ணத்தில் நிற்கும் பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளியையும் தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அப்புறம் மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும், வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் கிடையாது. இன்றைக்கு நான் திண்ணையில் உட்கார்ந்து மனம் நிறையக் கேட்கிற மழை, அம்மாவுக்கு அன்று கைக்காசு போகிற சத்தம். அந்தக் காதோடு அவர் என் கட்டுரையைக் கேட்டிருக்கிறார்.

ஆனால் பாடுபட்டதைவிடவும் ஆழமான காயம் ஒன்று உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் இருக்கிறது: வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்தில் வேலையும் தோட்டத்துடையது, வீடும் தோட்டத்துடையது. வேலை போனால் கூரையும் போகும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் முன்னால் வாழையும் முருங்கையும் வைத்து, மாடு வளர்த்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் தீமிதித்த இடம். அதில் ஒரு சாண் நிலத்துக்குக்கூட அவர்களிடம் காகிதம் கிடையாது.

இது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த கதை இல்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதைக் கண்டு பதறித்தான் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. இந்த ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் சங்கம் வாங்க முடிந்தது கொஞ்சம், போனது நிறைய. ரப்பரை அழித்து எண்ணெய் தரும் செம்பனை நட்டார்கள், அதற்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்குப் போயின. நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்ததே பிராங் பெசார் தோட்டத்தின் மேல்தான். அங்கிருந்த நம் ஆட்கள் டெங்கில் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 1970இல் மலேசியாவில் நூற்றுக்கு முப்பது பேர்கூட நகரத்தில் இல்லை. 2020 கணக்கெடுப்பில் அது 75 ஆகிவிட்டது. அந்த எண்ணுக்குள் உங்கள் அம்மாவும் இருக்கிறார். அவர் ஆசைப்பட்டு நகரம் போனவர் இல்லை. அங்கே போய் நின்று, உங்களைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவருடைய உழைப்பு. ஆனால் கிராமத்து வாழ்க்கை வேண்டாம் என்று அவர் எந்தக் காலத்திலும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்க அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நீங்கள் இங்கே வருவது அவர் உழைப்பைத் திருப்பிப் போடுவதாக எனக்குப் படவில்லை. அவர் இருந்தது ஒருவர் சொன்னால் காலி செய்ய வேண்டிய வீடு. நீங்கள் பார்ப்பது உங்கள் பெயரில் இருக்கப்போகிற வீடு. பச்சையும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதான். நான் அனுபவிக்கிற நிம்மதியில் பெரும்பங்கு, என்னை யாரும் கிளம்பச் சொல்ல முடியாது என்பதில் இருக்கிறது. முன்பு எழுதியதில் இதைவிட மரங்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னேன். அம்மாவுக்காக இதையும் சொல்கிறேன்.

சரி, நிம்மதி உண்மையா என்று கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் அமைதி என்று நினைத்து வராதீர்கள். செம்பனைப் பழத்தை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் லோரிகள் நேரங்காலம் பார்க்காது. காற்று திரும்பினால் ஆலை வாடை வீட்டுக்குள் வரும். திருவிழா மாதத்தில் ஒலிபெருக்கி காதைத் துளைக்கும். இரவில் பையன்கள் மோட்டாரை முறுக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பையன்களைப் பற்றி எனக்கு நிஜமான கவலை உண்டு. உள்ளூரில் நல்ல வேலை குறைவு. படித்தவன் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறான்.

இத்தனைக்கும் நடுவில் நான் நிம்மதி என்று சொல்வது மனிதர்களை. கோலாலம்பூர் செந்தூலில் நான் இருந்த மாடியில் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தது, சவப்பெட்டி மின்தூக்கியில் நுழையாமல் படிக்கட்டு வழியாக இறக்கியபோதுதான் எனக்குத் தெரியும். திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டியை நிமிர்த்திப் பிடித்து இறக்கினார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் தினம் அவர் வீட்டுத் தாளிப்பு வாசனையில்தான் கதவைத் திறப்பேன். இங்கே என் வீட்டு முன்விளக்கு ஏழு மணிக்கு எரியாவிட்டால் பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, வேலியோரம் வந்து குரல் கொடுக்கிறார். சந்தைக்கு நாலு நாள் போகாவிட்டால், உடம்புக்கு என்ன என்று மீன்காரர் அடுத்த தெரு ஆளிடம் கேட்டனுப்புகிறார். எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருப்பது சிலருக்குத் தொல்லை. உங்கள் வயதில் எனக்கும் பிடித்திருக்காது. நீங்கள் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய வைத்தியத்துக்கு ஈப்போ. 2015இலிருந்து மின்ரயில் இந்தப் பாதையில் ஓடுகிறது. இங்கேயே நிற்கும், கோலாலம்பூருக்கு ஒரே வண்டியில் போய்விடலாம். மகளுக்கு மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துச் சின்னத் தமிழ்ப்பள்ளிகளையும் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியருக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆனால் மாணவர் மிகக் குறைந்த பள்ளியில் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பாடம் நடத்துவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு வாரக் கடைசியில் அழைத்து வாருங்கள். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, இங்கிருந்து பக்கம்தான். பேத்திக்குப் பாட்டி காட்டட்டும், கோடு எப்படிப் போடுவது, எவ்வளவு ஆழம் போனால் மரம் கெடும் என்று. அதையெல்லாம் கேட்க இதுவரை அவருக்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அப்புறம் என் வீட்டுக்கு வாருங்கள். மரம் வெட்டியவர் என்னிடம் நேரில் சொல்ல நிறைய இருக்கும், நான் கேட்க வேண்டும்.

வீடு பார்ப்பதை மட்டும் மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகுவதும் வடிகால் நிரம்புவதும் அப்போதுதான் தெரியும். நிரந்தரப் பட்டாவா, குத்தகை நிலமா, குத்தகையென்றால் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று பாருங்கள். முடிந்தால் பட்டாவில் அம்மா பெயரையும் சேருங்கள். வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால், மூன்றாவது பெயர் சேர்க்க என்னென்ன கேட்பார்கள் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா