சமீபத்தில் நீங்கள் ரசித்த நாவல்கள், தொலைக்காட்சித் தொடர்கள் எவை? ஏன் பிடித்தன?

அண்மையில் படித்ததிலும் பார்த்ததிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவற்றில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அவற்றில் பலவற்றில் பெரிய கொடுமை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தது யார் என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கதையில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டால், எனக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்பேன். நடந்த பிறகு மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் கதைகளுக்காக நான் எத்தனை இரவு வேண்டுமானாலும் கண்விழிப்பேன்.

முதலில் பூமணியின் ‘வெக்கை’. 1982-இல் வந்த நாவல். நான் இப்போதுதான் படித்தேன். 2019-இல் வந்த ‘அசுரன்’ படத்துக்கு மூலம் என்பதால் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற நிலக்காரன் வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் துண்டாக்க வேண்டும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஆனால் ஆள் செத்துப்போகிறான். இவ்வளவும் நாவலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்கள் முழுக்க அந்தப் பையனும் அவனுடைய அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் நாட்கள்.

இதை ஓட்டமும் துரத்தலுமாக எழுதியிருக்கலாம். பூமணி அப்படி எழுதவில்லை. எங்கே படுப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் கிடைக்கும், புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது, வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்பவைதான் அந்த இருவரின் கவலை. ஒவ்வொரு செடிக்கும் பாறைக்கும் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. ஊருக்குள் இருக்க முடியாதவர்களை நிலம் வைத்துக்கொள்கிறது என்று அங்கங்கே நிறுத்தி யோசித்தேன். எழுத்தாளர் எந்த இடத்திலும் அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் பெரிய பலம். சாதியின் பெயரைக்கூடச் சொல்லாமல், யாரிடம் நிலம் இருக்கிறது, யாருக்கு அது இருக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள் என்பதிலேயே எல்லாவற்றையும் புரியவைத்துவிடுகிறார்.

என்னை அதிகம் தொட்டது அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் விதம். இவன் கொலை செய்துவிட்டு வந்திருக்கிறான். அவரோ மூத்த மகனைப் பறிகொடுத்தவர், இளையவனும் கையைவிட்டுப் போகப்போகிறான் என்று தெரிந்தவர். அந்த நிலையில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் அன்றாட விஷயங்களைத்தான். நடுவே பழைய ஞாபகம் ஒன்று வரும், அண்ணனைப் பற்றி ஒரு பேச்சு வரும், சட்டென்று மௌனமாகிவிடுவார்கள். சிதம்பரம் சில பக்கங்களில் முழு ஆணாகவும் அடுத்த பக்கத்திலேயே வெறும் பிள்ளையாகவும் தெரிகிறான். பதினைந்து வயது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய வேறொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. கரிசல் வட்டாரப் பேச்சு தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாற வைக்கலாம். பத்துப் பக்கம் பொறுத்துக்கொண்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

படத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிமாறன் அப்பாவை மையமாக்கி, அவருக்கென்று ஒரு கடந்த காலத்தை உருவாக்கினார். அது வலுவான படம், தேசிய விருதும் பெற்றது. ஆனால் நாவல் தருவது வேறு அனுபவம். படத்தில் கோபம் முன்னே நிற்கிறது. நாவலில் அந்தப் பையனின் அச்சமும் அவனைக் காப்பாற்றத் தவிக்கும் குடும்பத்தின் பாசமும் முன்னே நிற்கின்றன. படம் பார்த்துவிட்டோமே என்று நாவலை ஒதுக்கிவிடாதீர்கள்.

தொடர்களில் முதலிடம் ‘அடோலசென்ஸ்’ என்ற பிரிட்டன் தொடருக்கு. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, மொத்தம் நான்கே அத்தியாயங்கள். இங்கும் ஒரு சிறுவன்தான், வயது பதின்மூன்று. விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனைக் கைது செய்கிறது. கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அவன்தான் செய்தானா என்ற சந்தேகத்தை முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே தீர்த்துவிடுகிறார்கள். கொலை பதிவான கண்காணிப்புக் கேமரா காணொளியைத் தந்தையும் மகனும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும்போது, தந்தையாக நடித்திருக்கும் ஸ்டீபன் கிரஹாமின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஜாக் தார்னுடன் சேர்ந்து இந்தத் தொடரை எழுதியவரும் அவரேதான்.

ஒவ்வொரு அத்தியாயமும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது என்பதைப் பற்றி நிறையப் பேர் வியந்து எழுதிவிட்டார்கள். நானும் வியந்தேன், ஆனால் வித்தைக்காக அல்ல. வழக்கமாக ஒரு காட்சி தாங்க முடியாமல் போகும் இடத்தில் படத்தொகுப்பாளர் நம்மை வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விடுவார். இங்கே அந்த விடுதலை கிடையாது. அந்தக் குடும்பம் காவல் நிலையத்தில் காத்திருக்கும் நேரம் முழுவதும் நாமும் காத்திருக்கிறோம்.

மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏறக்குறைய முழுவதும் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். கைதாகி ஏழு மாதமாகிவிட்டது. உளவியலாளராக வரும் எரின் டோஹெர்ட்டி அந்தப் பையனுக்கு ஒரு சாண்ட்விச் கொண்டுவந்திருக்கிறார். சிரித்துப் பேசுகிறான், கெஞ்சுகிறான், திடீரென்று எழுந்து நின்று கத்துகிறான், மறுநொடி மன்னிப்புக் கேட்கிறான். பிள்ளைத்தனத்தையும் மிரட்டலையும் அவன் மாற்றி மாற்றிக் காட்டும்போது, இரண்டுமே நடிப்பில்லை, இரண்டுமே அவன்தான் என்று புரிகிறது. கடைசியில் தன்னைக் கொஞ்சமாவது பிடிக்குமா என்று அவரிடம் கேட்டுக் கூச்சலிடுகிறான். ஓவன் கூப்பர் என்ற அந்தச் சிறுவனுக்கு இது முதல் நடிப்பு அனுபவம். அதிலும் படப்பிடிப்பில் முதலில் எடுக்கப்பட்டது இந்த அத்தியாயம்தான் என்று அறிந்தபோது நம்பவே முடியவில்லை. அவன் போன பிறகு அந்தப் பெண் அறையில் தனியாக நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளும் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, இந்த ஆண்டுகளில் தொலைக்காட்சியில் நான் பார்த்த நடிப்பில் ஆகச் சிறந்தது அது.

ஒரு குறையும் உண்டு. கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு. இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு போலீஸ் அதிகாரியே, எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவளை யார் நினைக்கப்போகிறார்கள் என்ற பொருளில் ஆதங்கப்படுகிறார். தொடர் தன் போதாமையைத் தானே ஒத்துக்கொள்கிறது என்று சிலர் பாராட்டினார்கள். ஒத்துக்கொண்டால் போதுமா? அவளுடைய தோழியின் கோபத்துக்கு இன்னும் இருபது நிமிடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த இரண்டோடும் சேர்த்து வைக்க வேண்டியது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, பெற்றோரின் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்துகொண்டவள். தீக்காயத்தோடு அவள் மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. தலைமை ஆசிரியரான அப்பாவிடம் பணம் இருக்கிறது, கொடுப்பதற்குத் தயாராகவும் இருக்கிறார், ஆனால் அந்தப் பணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

நாவலின் பெரும்பகுதி பேச்சு. தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் பேசும் பேச்சு. யாரைக் குற்றம் சொல்வது என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மாப்பிள்ளையை, பெண்ணை, வளர்ப்பை, விதியை. பல வருடம் பேசாமல் இருந்த தந்தைக்கு மகளிடம் இப்போது பேச வேண்டும்போல் இருக்கிறது. சில இடங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றியது. துக்க வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படித்தேன். ஆனாலும் ஐம்பது பக்கம் குறைந்திருந்தால் நாவல் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மனம் ஓரளவு திடமாக இருக்கும் நாட்களாகப் பார்த்துப் படியுங்கள்.

இன்னொரு ஜோடி தற்செயலாக அமைந்தது. ‘வதந்தி’ தொடரைப் பார்த்து முடித்த வாரத்தில்தான் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘மரக்கறி’ நாவலையும் படித்தேன். ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி 2022 டிசம்பரில் அமேசான் பிரைமில் வந்தது ‘வதந்தி’. வெலோனி என்ற இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள், எஸ்.ஜே. சூர்யா விசாரணை அதிகாரி. அவளைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள், பத்திரிகைகள் சொல்கின்றன, எழுத்தாளர் ஒருவர்கூடச் சொல்கிறார். அவள் தரப்பைச் சொல்ல அவள் இல்லை. எஸ்.ஜே. சூர்யா தன் வழக்கமான உரத்த பாணியை அடக்கிக்கொண்டு, ஒரு வழக்கில் மனம் சிக்கிப்போன மனிதனாக மாறியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. லைலா தாயாக வருகிறார், அவரும் நன்றாகச் செய்திருக்கிறார். எட்டு அத்தியாயங்களில் நடுவில் இரண்டு தேவையற்றவை. முடிவும் அதற்கு முன்பு வந்தவற்றின் கனத்தைத் தாங்கவில்லை. இருந்தும், இறந்த பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சைக் குற்றத்தின் ஒரு பகுதியாகவே காட்டிய துணிவுக்காக இதை மறக்கமாட்டேன்.

‘மரக்கறி’யில் யோங்-ஹே உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் அவளையும் மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். ஒரு கனவுக்குப் பிறகு இறைச்சி சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள், அவ்வளவுதான். அந்தச் சிறிய மறுப்பைக் கணவனாலும் தாங்க முடியவில்லை, தந்தையாலும் தாங்க முடியவில்லை. நாவலின் மூன்று பகுதிகளில் முதலாவதைக் கணவன் சொல்கிறான், இரண்டாவது அக்காவின் கணவனைப் பின்தொடர்கிறது, மூன்றாவது அக்காவை. அவளுடைய சொந்தக் குரல் கனவுத் துணுக்குகளாக மட்டுமே அங்கங்கே வருகிறது. கணவன் சொல்லும் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட எரிச்சலை இன்னும் உணர்கிறேன். மனைவியைப் பற்றி அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அவனையே காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது பகுதியில் அக்கா இன்-ஹே, எல்லாப் பொறுப்புகளையும் சுமந்தபடி, தங்கை எதைத் தாண்டிப் போய்விட்டாள் என்று யோசிக்கிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2024-இல் இந்த எழுத்தாளருக்கு நோபல் பரிசு கிடைத்ததால் பலர் வாங்கியிருப்பீர்கள். இரண்டாவது பகுதியில் மனம் சங்கடப்பட்டுப் புத்தகத்தை மூடியவர்கள் மூன்றாவது பகுதிக்காகத் திரும்பி வரலாம்.

எல்லாமே கனமாக இருக்கிறதே என்று தோன்றலாம். ‘அயலி’யை அதற்காகவே வைத்திருக்கிறேன். முத்துக்குமார் இயக்கிய தொடர், 2023 ஜனவரியில் ஜீ5-இல் வந்தது. பருவமெய்திய பெண் பள்ளிக்குப் போகக்கூடாது, உடனே திருமணம் என்ற வழக்கமுள்ள கற்பனைக் கிராமம் வீரப்பண்ணை, 1990-ஆம் ஆண்டு. டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதை ஊரிடமிருந்து மறைக்கிறாள். இவ்வளவு கடினமான விஷயத்தை இத்தனை சிரிப்போடு சொல்ல முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகளின் ரகசியம் அனுமோல் நடித்த தாய்க்குத் தெரியவரும் இடம் முக்கியமானது. பயந்து பயந்தே வாழ்ந்த அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக மகளின் பக்கம் நகர்வதை அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டுகிறார்கள். பின்பாதியில் பிரசங்கம் எட்டிப்பார்க்கிறது. பரவாயில்லை, கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடியது.

கொரியத் தொடர்களில் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’. ஜேஜு தீவில் பிறந்து கவிஞராக ஆசைப்படும் பெண்ணின் வாழ்க்கை, இளமையிலிருந்து முதுமை வரை, பதினாறு அத்தியாயங்கள். இளம் வயதுத் தாயாகவும் பிறகு அவளுடைய மகளாகவும் ஐயூ ஒருவரே நடிக்கிறார். தாய்க்கு வயதாகி வேறு நடிகை வந்துவிட்ட பிறகு, அந்தப் பழைய முகம் மகளிடம் தெரியும்போது கண் கலங்கிவிடுகிறது. அழ வைப்பதற்காகவே சில காட்சிகளை நீட்டியிருக்கிறார்கள், தெரிந்தே அழுதேன். நல்லவர்களைப் பற்றி அலுப்பூட்டாமல் கதை சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

‘சுழல்’ என்ற தமிழ்த் தொடரின் முதல் பருவத்தை மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னிய அழகுக்காகப் பார்க்கலாம். இரண்டாவது பருவம் எனக்கு ஒட்டவில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்டால், படிப்பதற்கு ‘வெக்கை’, பார்ப்பதற்கு ‘அடோலசென்ஸ்’. இரண்டையும் அடுத்தடுத்து முடியுங்கள். இரண்டிலும் கொலை செய்த பிள்ளையின் பக்கத்தில் ஒரு தகப்பன் இருக்கிறார். ஒருவர் மகனோடு காட்டுக்குள் போகிறார், இன்னொருவர் மகன் இல்லாத வீட்டில் தங்கிவிடுகிறார். அவர்கள் இருவரில் யாருடைய நாட்கள் கொடியவை என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. படித்து, பார்த்து முடித்தவர்கள் தங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.