உமித்தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன் ஏன் எளிதில் முறிகிறது?

உமியை அரைத்துப் பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியில் கலந்து வார்த்த தகடு விறைப்பாக இருந்தும் வளைத்தவுடன் முறிகிறதே, குறை உமியிலா நெகிழியிலா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் சேரும் இடத்தில்தான் குறை இருக்கும்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு உமி. அதில் செல்லுலோஸ், லிக்னின் போன்ற தாவரப் பொருள்களோடு, மணலில் இருப்பது போன்ற சிலிக்காவும் கணிசமாக உண்டு. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டங்கள்) நீரை ஈர்ப்பவை, பாலிப்ரொப்பிலீனோ நீரை விலக்குவது; ஆகவே துகளைச் சுற்றி நுண்ணிய இடைவெளி தங்கிவிட, விசை பட்டதும் விரிசல் அங்கிருந்தே கிளம்புகிறது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். துகள்கள் பெயர்ந்துபோன வெறுங்குழிகள் தெரிந்தால் ஒட்டுதல் போதவில்லை என்று பொருள். மெலியிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருளை இணைத்த பாலிப்ரொப்பிலீனைச் சில விழுக்காடு சேர்த்தால், அது ஒருபுறம் ஹைட்ராக்சிலோடு பிணைந்து, மறுபுறம் நெகிழியோடு பின்னிக்கொள்ளும்.

அதற்கும் முன்பு ஈரத்தைக் கவனிக்க வேண்டும். அரிசி ஆலை உமி கைக்கு உலர்ந்ததாகவே தோன்றும். உள்ளிருக்கும் ஈரம் உருக்கும் சூட்டில் ஆவியாகிக் குமிழிகளை விட்டுச்செல்லும். ஏறத்தாழ 105 பாகை செல்சியஸில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, ஆறவிட்டு வைக்காமல் கலந்துவிடுங்கள். உருக்கும் வெப்பம் 200 பாகையைத் தாண்டாதிருப்பது நல்லது. தகடு கருத்து, கருகல் வாடை வந்தால், உமியில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்னும் தாவரப் பொருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இத்தனைக்குப் பிறகும் மோதலைத் தாங்கும் வலிமை கலப்பற்ற பாலிப்ரொப்பிலீன் அளவுக்கு வருவது அரிது. உமி சேர்ந்ததாலேயே அது மக்கும் பொருளாகிவிடுவதும் இல்லை. இன்னொன்று, உமியின் சிலிக்கா உங்கள் இயந்திரத்தில் உருகிய நெகிழியைத் தள்ளும் திருகையும் அதைச் சூழ்ந்த உருளையையும் மெல்லத் தேய்த்துவிடும்.