ஊட்டி கோடப்பமந்து கால்வாய் குறுகும் இடத்தில் மட்டும் தண்ணீர் ஏன் மேலேறுகிறது? தூர் வாரினால் போதுமா?

தூர் வாரினால் பாதிப் பலன்தான்.

இந்தக் கால்வாய் ஊருக்குள் புகுந்து ஏரியில் சேர்கிறது. சரிவில் வேகமாக வரும் தண்ணீர் மண்ணையும் சல்லியையும் உருட்டி வரும். குறுகிய இடம் அதைத் தடுக்க, அதற்கு மேற்புறம் ஓட்டம் தளர்ந்து வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கும் துணியும் சிக்கினால் அது தடுப்பணைதான்.

ஒரு கணக்கு: 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் அரை மீட்டர் வண்டல் படிந்தால் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. ஆனால் கொள்ளும் நீரோட்டம் 40 சதவீதத்துக்கு மேல் குறையும், ஏனெனில் வேகமும் சேர்ந்து விழுகிறது.

ஏரிப் பக்கம் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். மேலே தொடங்கினால் கிளறிய சேறு கீழே போய் அடைக்கும். வாரிய மண்ணைக் கரையில் குவிப்பதுதான் பெரிய தவறு. முதல் மழையிலேயே திரும்ப உள்ளே விழும், அன்றே லாரியில் ஏற்ற வேண்டும். பக்கச்சுவரின் அடித்தளத்துக்குக் கீழே தோண்டினால் சுவர் சரியும். ஜூன் மழைக்கு முன் ஒருமுறை, அக்டோபருக்கு முன் மறுமுறை.

குறுகலுக்கு மேலே சாய்வாகக் கம்பி வலை வைக்கலாம். மழை நாளில் பலமுறை குப்பை அள்ள ஆள் இல்லையென்றால் வைக்கவே வேண்டாம்.

மூடிய பகுதிக்குள் யாரையும் இறக்காதீர்கள். சாக்கடைச் சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும், அது அதிகமாக இருந்தால் நொடியில் மயங்கி விழுந்து உயிர் போகலாம். மேல்பலகையைத் தூக்கி இயந்திரத்தால் மட்டுமே அள்ள வேண்டும்.