எட்டாம் வகுப்பில் அறிவியல் மதிப்பெண் குறைந்தால் பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் வசிக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அறிவியலில் மட்டும் மிகக் குறைவாக மதிப்பெண் எடுக்கிறாள். நகைக்கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் தமிழ்நாடு அரசு வழங்கிவரும் 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைப் பெற, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது மாற்றினால் உங்கள் மகள் அந்த வாய்ப்பை இழப்பாள். குமரி மாவட்டத்தில் மிகுதியாக உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை.

அறிவியலில் குறை எங்கே இருக்கிறது என்பதை அவளுடைய விடைத்தாளே காட்டும். அடர்த்தி, வேகம் போன்ற கணக்குகளில் மதிப்பெண் போயிருந்தால், சரிசெய்ய வேண்டியது தசமமும் வகுத்தலும் அலகு மாற்றமும்தான். விளக்கமாக எழுத வேண்டிய விடைகளில் போயிருந்தால், அவள் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறாள் என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றினால், புரியாத பாடத்தோடு புரியாத மொழியும் சேர்ந்துகொள்ளும். நாள்தோறும் பாடநூலில் ஒரு பத்தியைப் படித்து, நூலை மூடிவிட்டு, தன் சொற்களில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவள் தடுமாறும் இடத்தைக் குறித்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் செய்தால் போதும். அமிலங்கள் பாடம் வரும்போது, எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரிவதை அடுக்களையிலேயே பார்க்கட்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் சேர்ப்பதும் ஏறத்தாழ இதே வினைதான் என்று சொல்லுங்கள். தேர்வுக்காக மட்டும் அனுப்பும் டியூஷனைவிட இது பயன் தரும் என்பது என் மதிப்பீடு.

இந்த ஆண்டே அவள் எழுத வேண்டியது, பள்ளி வழியாக விண்ணப்பிக்கும் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி, திறன்வழிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்ச்சிப் பட்டியலில் இடம்பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இத்தேர்வில் பாட அறிவைச் சோதிக்கும் தாளின் 90 வினாக்களில் 35 அறிவியலிலிருந்தே வருகின்றன. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.