அப்பாவுக்கு நாய் வாங்கலாமா?
அம்மா போனதுக்கப்புறம் அப்பா வாக்கிங்கை விட்டுட்டார், பிபி ஏறுது, நாய் வாங்கித் தரலாமான்னு கேட்டிருக்கீங்க. எங்கப்பாவும் பால்கனியே கதின்னு கிடந்தவர்தான். இப்ப விடியக்காலை அஞ்சரைக்கு நாய் வந்து லுங்கியைப் பிடிச்சு இழுக்குது, தப்பிக்கவே முடியாது. நாய் வளர்த்தால் இதய நோய் அபாயம் குறையலாம்னு அமெரிக்க இதயச் சங்கம் 2013லயே சொல்லியிருக்கு. என் கணக்குல பாதி அந்த நடையாலதான்.

லாப்ரடார் குட்டி மட்டும் வேண்டாம், வளர்ந்து இழுத்தா பெரியவர் விழுந்துடுவார். வேளச்சேரி மெயின்ரோடு புளூகிராஸ் விலங்குகள் காப்பகத்துல, குட்டியா இல்லாம வளர்ந்த நாட்டு நாயாப் பாருங்க; சென்னை வெயில் அதுக்குப் பழக்கம். மாநகராட்சி உரிமம், வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி மறந்துடாதீங்க. அப்பாவோட மருந்து மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. ஆமா, அப்பாகிட்ட கேட்டீங்களா? கேக்காம கொண்டுவந்து விட்டா ராத்திரிக் குரைப்பெல்லாம் உங்க தலையிலதான்!