மாங்குளம் சந்தியில எந்தப் பக்கம் திரும்பிறது?

கேள்வி: அக்கா, நான் ஒட்டுசுட்டான். ஏஎல் பயோ ரிசல்ட்ஸ் வந்திட்டுது, போன வருச வெட்டுப்புள்ளியப் பாத்தா யாழ்ப்பாணம் மெடிசினும் எட்டும், பேராதனையும் எட்டும் போல கிடக்கு. கம்பஸ் அப்ளிகேசனில யாழ்ப்பாணத்தை முதலாவதாப் போட்டா மூளையை வீணாக்கிறாய் எண்டு சேர் பேசுறார். அப்பா இல்லை, அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில புண் மாறி மாறி வருது, தம்பி ஓஎல். எனக்கு விருப்பமானவர் கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிக்கிறார், அவரும் யாழ்ப்பாணம் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். வீஓஜியா, அதுதான் பிள்ளைப்பேற்று ஸ்பெசலிஸ்ட் டொக்டரா, வந்து ஊரில வேலை செய்யோணும் எண்டதுதான் என்ர ஆசை.

பதில்: கெட்டிக்காரி தங்கச்சி! முல்லைத்தீவில இருந்து மெடிசின் எண்டா லேசுப்பட்ட விசயமே. பின்தங்கின மாவட்டக் கோட்டாவில வந்தவள் எண்டு நாளைக்கு ஆராவது கதைப்பினம், அதைக் காதில விழுத்தாதீங்கோ, பிள்ளை பெற வாறவள் உங்கட ஏஎல் இசட்ஸ்கோர் புள்ளி கேக்கப் போறேல்ல.

சேர் சொன்னதில பாதி சரி. பேராதனை பக்கல்ட்டி 1962இல தொடங்கினது, யாழ்ப்பாணம் 1978, பேர் எண்டு பாத்தா அது பெரிசுதான். ஆனா வீஓஜி ஆக எம்பிபிஎஸ் மட்டும் காணாது, அஞ்சு வருசம் படிச்சு ஒரு வருசம் இன்டேர்ன் முடிச்சு பிறகு டொக்டர்மாரின்ர மேற்படிப்பு நடத்திற கொழும்பு பிஜிஐஎம்மின்ர சோதினை எழுதோணும், அது எந்தக் கம்பஸில படிச்சவைக்கும் ஒரே சோதினை, பாஸ் பண்ணினாத்தான் எம்டி எண்ட ஸ்பெசலிஸ்ட் படிப்பு, அதுக்குப் பிறகு வெளிநாட்டு ட்ரெயினிங் வேற. அங்க உங்கட படிப்புத்தான் நிக்கும், கம்பஸ் பேர் நிக்காது.

பேராதனையில உண்மையான லாபம் சேர் சொல்லாத ஒண்டு, சிங்களம். வாட்டுக்கு இறங்கினா நோயாளியோட கதைச்சு ஹிஸ்ரி, அதாவது வருத்த விபரம், எடுக்கோணும், கண்டிப் பக்கம் அது கூடுதலாச் சிங்களத்தில, கொஞ்ச நாள் ஹொஸ்டலில அழுவீங்கள் பேந்து வாய் திறந்திடும். இன்டேர்னுக்கு எங்க போடுவாங்களோ, அப்ப அது கை குடுக்கும். யாழ்ப்பாணம் போனா அதை நீங்களாத்தான் தேடிப் படிக்கோணும், முதல் வருசத்திலயே தொடங்குங்கோ.

இனி அம்மா. சீனி வருத்தக்காரருக்குக் கால் புண் சின்ன விசயமில்லை. நரம்பு செத்தா முள்ளுக் குத்தினதே தெரியாது, எங்கட ஊர்ச்சனம் வளவுக்கையும் வயலுக்கையும் வெறுங்காலோட திரியிறது, இரத்த ஓட்டமும் குறைஞ்சா புண் ஆறாது, கவனிக்காம விட்டா விரலை எடுக்கிற நிலைமைக்கு வந்திடும். ஒட்டுசுட்டானில இருந்து வந்து மாங்குளம் சந்தியில வலப்பக்கம் திரும்பினா யாழ்ப்பாணம், இடப்பக்கம் கண்டி, ஒரே ஏ9 ரோட்டின்ர ரெண்டு தலையும்தான், ஆனா யாழ்ப்பாணத்தில வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினா இரவுச் சாப்பாட்டுக்கு வீட்ட நிப்பீங்கள், கண்டியில இருந்து எண்டா அந்த லீவில பாதி பஸ்ஸிலயே போயிடும். வீட்டை யோசிச்சு முடிவெடுக்கிறது மூளையை வீணாக்கிறது இல்லை. நானெண்டா யாழ்ப்பாணத்தைத்தான் முதலாவதாப் போடுவன்.

அவருக்காகப் போடாதீங்கோ, அது மட்டும் சொல்லிப்போட்டன். எஞ்சினியரிங் நாலு வருசம், உங்களுக்கு இன்டேர்னோட ஆறு, அவர் முடிச்சுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போகேக்க நீங்கள் அவருக்காக எண்டு யாழ்ப்பாணத்தில புத்தகத்தோட இருப்பீங்கள். பேராதனை கிடைச்சா என்ன செய்வீங்கள் எண்டு அவரிட்ட ஒருக்காக் கேளுங்கோ. கோவிச்சார் எண்டா அதையும் வடிவா யோசியுங்கோ.

அம்மாவிட்டயும் கேட்டிட்டீங்களா? கடிதத்தில அவ என்ன சொன்னவ எண்டு ஒரு வரியும் இல்லை. நான் சமாளிப்பன் போ எண்டு அவ சொல்லி, உங்களுக்கும் பேராதனைதான் ஆசை எண்டா அதைப் போடுங்கோ, குறை சொல்ல மாட்டன். எங்க போனாலும் தம்பிக்கு இப்பவே பழக்குங்கோ: இரவில அம்மான்ர உள்ளங்கால், விரல் இடுக்கு பாக்கிறது, மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக் திகதி மறக்காம கூட்டிக்கொண்டு போறது. ஆம்பிளைப் பிள்ளை எண்டு விட்டிடாதீங்கோ. மற்றது, அப்ளிகேசன் அனுப்ப முதல் யுனிகோட்டை, அதுதான் எந்தக் கம்பஸ் எந்தப் படிப்பு எண்டு காட்டுற குறியீட்டை, யூஜிசி ஹாண்ட்புக்கோட வச்சு ரெண்டு தரம் சரி பாருங்கோ.