மூன்று தடவை வந்தும் டிரா இல்லையா?

கேள்வி: மதுரையில் நடந்த கிளப் செஸ் போட்டியில் எனக்குச் சமமான ஒருவருடன் ஆடினேன். எனக்கு வெள்ளை. கடைசியில் ஆளுக்கொரு யானை, நான்கு சிப்பாய். 31, 33, 35-ஆவது நகர்த்தல்களில் யானையை டி1 கட்டத்திலிருந்து இ1 கட்டத்துக்கு வைத்தேன். மூன்றாவது தடவை கிளாக்கை அழுத்திவிட்டு டிரா கேட்டேன். நடுவர் மறுத்தார், ஆட்டமும் கைவிட்டுப் போனது. ஸ்கோர்ஷீட் (நகர்த்தல்களை எழுதும் தாள்) நகல் இணைத்துள்ளேன். எங்கே தவறினேன்?
– வாசகர், மேலூர்

பதில்: நடுவர் சொன்னது சரி. நீங்கள் உங்கள் யானையை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம் என்ற விதி பார்ப்பது பலகை முழுவதையும்: எல்லாக் காய்களும் அதே கட்டங்களில், நகர்த்த வேண்டியவரும் அதே ஆட்டக்காரர். உங்கள் தாளில் 31-ல் யானை இ1-க்கு வந்தபோது கறுப்பு ராஜா எச்8-ல் நிற்கிறது. 33-லும் 35-லும் எஃப்8-ல். ஆக, அந்த நிலை வந்தது இரண்டே தடவை.

ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். 35-ல் கறுப்பு ராஜா ஜி8-க்குப் போகிறது. 31, 33-லும் அங்கேதான் போனது. யானை இ1, ராஜா ஜி8, நகர்த்த வேண்டியது வெள்ளை: இது மூன்றாவது தடவை! எந்தக் காயையும் தொடாமல் கிளாக்கை நிறுத்தி நடுவரை அழைத்திருந்தால் அரைப் புள்ளி உங்களுக்கு. நீங்களோ பதற்றத்தில் சிப்பாயைத் தள்ளிவிட்டீர்கள். சிப்பாய் பின்னால் வராது. அதனால் பழைய நிலைகளும் இனி வராது.

உங்கள் நகர்த்தலாலேயே மூன்றாவது தடவை வரப்போகிறது என்றால், பலகையில் வைக்காதீர்கள். தாளில் எழுதுங்கள், கிளாக்கை நிறுத்துங்கள், நடுவரிடம் சொல்லுங்கள். வைத்து அழுத்திய பிறகு முறை எதிராளியுடையது, கேட்கும் உரிமை போய்விடும். கணக்கு தப்பினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். எழுதிய நகர்த்தலையே ஆட வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே கேட்பதற்கு முன் ஒருமுறை தாளைப் பார்த்து எண்ணுங்கள். இடையில் வேறு நகர்த்தல்கள் வந்திருந்தாலும் பரவாயில்லை, தொடர்ச்சியாக வர வேண்டிய அவசியமில்லை.

ஐந்தாவது தடவை வந்தால் யாரும் கேட்காமலேயே டிரா. அதை நம்பி உட்கார வேண்டாம். எதிராளி அதற்குள் வேறு வழி பிடித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (விரைவு ஆட்டம்) போட்டிகளில் எழுதுவது கட்டாயமில்லை. அங்கேயும் நடுவரிடம் ஸ்கோர்ஷீட் கேட்டு வாங்கலாம். காய்கள் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதுமே கேளுங்கள். கிளப் பயிற்சி ஆட்டங்களையும் ஒரு 40 பக்க நோட்டில் எழுதிவாருங்கள், எதிராளியின் நகர்த்தலையும் சேர்த்து.